காலே அரைக்கால் முயல்

தமிழில் ‘முயல்’ என்ற ஒரே சொல்லால் நாம் இரண்டு விலங்குகளைக் குறிக்கிறோம். ஒன்று, நம் புதர்க்காடுகளில் நெடுங்காலமாக ஓடித்திரியும் காட்டு முயல். மற்றொன்று, கூண்டுகளில் வளர்க்கப்படும் வெள்ளை முயல். பின்னதன் மூதாதை ஸ்பெயினிலும் தெற்கு பிரான்சிலும் வளை தோண்டி வாழ்ந்த குழிமுயல். பிரெஞ்சு மொழி முன்னதை ‘லியேவ்ர்’ என்றும் பின்னதை ‘லாபான்’ என்றும் பிரித்தே வழங்குகிறது. இவ்விரண்டையும் இணைசேர்த்துப் புதியதொரு கலப்பினத்தை உண்டாக்கிவிட்டதாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பிரான்சில் ஒரு செய்தி பரவியது. விலங்கு வளர்ப்போரின் வியப்போடு அது முடிந்திருக்கலாம். ஆனால் மனிதகுலம் ஒன்றா பலவா என்ற கேள்விவரை சென்றது.

அங்கூலேம் நகரைச் சேர்ந்த ஆல்ஃப்ரெட் ரூ என்பவர் அவ்வட்டாரத்து வேளாண் கழகத்தின் தலைவர். ஆண் காட்டு முயலையும் பெண் குழிமுயலையும் சிறு வயதிலிருந்தே ஒன்றாகப் பழக்கி இணைசேர்ப்பதாகவும், பிறக்கும் குட்டிகள் தலைமுறை தலைமுறையாக இனம் பெருக்குவதாகவும் அவர் அறிவித்தார். இக்கலப்பினத்திற்கு ‘லெபோரிட்’ என்ற பெயர் ஏற்பட்டது. சரிபாதிக் கலப்பைவிடக் காட்டு முயலின் பங்கு எட்டில் மூன்றாக உள்ள கலப்பே சிறந்தது என்பது ரூவின் கணக்கு. பாதிக் கலப்பை மீண்டும் காட்டு முயலோடு சேர்த்தால் முக்கால். அந்த முக்காலைக் குழிமுயலோடு சேர்த்தால் அதில் பாதி. நம் பழைய வாய்பாட்டில் சொன்னால் காலே அரைக்கால். கணக்கில் பிழையில்லை.

இந்த முயல்களைப் பற்றிய விவரங்களைத் திரட்டிக் கொண்டு 1858இல் பாரீசின் உயிரியல் கழகத்தில் கட்டுரை வாசித்தவர் பால் ப்ரோகா. மூளையில் பேச்சுக்குரிய பகுதியைக் கண்டு சொன்னதற்காக இன்றும் நினைக்கப்படும் மருத்துவர் அவர். அந்தக் கண்டுபிடிப்பு 1861இல்தான் வந்தது. இரு வேறு உயிரினங்கள் சேர்ந்தால் பிறக்கும் குட்டி, கோவேறு கழுதையைப் போல, மலடாகவே இருக்கும் என்பது அன்றைய பொதுக்கருத்து. எல்லா மனிதர்களும் தமக்குள் கலந்து சந்ததி பெறுகிறார்கள், ஆகவே மனிதகுலம் ஒரே இனம் என்று வாதிட்டவர்களுக்கு இதுவே பெரிய ஆதாரம். ப்ரோகா அந்த ஆதாரத்தைத்தான் அசைக்க விரும்பினார். காட்டு முயலும் குழிமுயலும் சேர்ந்து வளமான சந்ததியைத் தருமென்றால், கலந்து பிள்ளை பெறுவது ஒரே இனம் என்பதற்குச் சான்றாகாது. அப்போது மனித இனங்களும் தனித்தனி மூலங்களிலிருந்து வந்தவையாக இருக்கலாம். முயலில் தொடங்கிய தர்க்கம் இப்படி மனிதனில் போய் முடிந்தது.

விவிலியத்தின் ஆதி மனிதனையே கேள்விக்குள்ளாக்கும் இப்பேச்சு கழகத்துக்குச் சங்கடத்தை உண்டாக்கியது. அங்கே தொடர முடியாத ப்ரோகா 1859இல், 19 பேர் கொண்ட பாரீஸ் மானுடவியல் கழகத்தைத் தோற்றுவித்தார். கூட்டங்களில் காவல்துறை ஆள் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் அரசு அனுமதி தந்தது. மானுடவியல் என்னும் துறையின் முக்கியமானதொரு அமைப்பு பிறந்ததற்கு ஒரு முயல் கூண்டும் காரணம் என்பது வரலாற்றின் விளையாட்டு.

விளையாட்டாக மட்டும் அது நிற்கவில்லை. மனிதர்களில் சில கலப்புகள் முழு வளமுடையவை, சில குறைவளமுடையவை என்று ப்ரோகா வகைப்படுத்தினார். ஐரோப்பியருக்கும் ஆஸ்திரேலியப் பழங்குடிப் பெண்களுக்கும் குழந்தைகள் அரிதாகவே பிறப்பதாகப் பயணிகள் எழுதியவற்றை அதற்குச் சான்றாக்கினார். 1871இல் வெளியான மனிதனின் மரபுவழி குறித்த நூலில் டார்வின் இதை மறுத்தார். அங்கே கலப்பில் பிறந்த பதினொரு இளைஞர்கள் ஒரே நேரத்தில் கொல்லப்பட்டு எரிக்கப்பட்ட செய்தியை அவர் எடுத்துக்காட்டினார். அவர்கள் பிறக்காமல் இல்லை; பிறந்தவர்கள் உயிரோடு விடப்படவில்லை. கொலையின் விளைவை இயற்கையின் விதி என்று எழுதிவைத்திருந்தார்கள்.

லெபோரிட் என்ன ஆயிற்று? தலைமுறைகள் செல்லச் செல்ல அவை அசல் குழிமுயலைப் போலவே இருப்பதைப் பலர் கவனித்தார்கள். வேறுபாட்டைக் காண நுட்பமான கருவி தேவையில்லை, ஈற்றைக் கவனித்தாலே போதும். குழிமுயல் ஒரு மாதத்தில், மயிரின்றிக் கண் திறவாத குட்டிகளை வளைக்குள் ஈனும். ஐரோப்பியக் காட்டு முயல் சுமார் 42 நாள் சுமந்து, உடல் முழுதும் மயிரோடு கண் திறந்த குட்டிகளை வெட்டவெளியில் ஈனும். ஒன்றுக்கு 44 குரோமோசோம்கள், மற்றதற்கு 48. 1960களில் அமெரிக்காவில் எம். சி. சாங் குழுவினர் பனிக்காட்டு முயலையும் குழிமுயலையும் கொண்டு சோதித்தபோது சினைமுட்டை கருவுற்றது. ஆனால் கரு தொடக்க நிலையைத் தாண்டி வளரவில்லை. ஆகவே ரூவின் கூண்டில் இருந்தவை நிறத்தில் காட்டு முயலை ஒத்த குழிமுயல்களே என்று கொள்வதுதான் பொருந்தும். 1900ஐ ஒட்டி அமெரிக்காவில் பெரும் விலைக்கு விற்ற ‘பெல்ஜியக் காட்டு முயலும்’ பெயரில் மட்டுமே காட்டு முயல். ஒல்லியான உடலும் செம்பழுப்பு நிறமும் வரும்படி தேர்ந்து வளர்க்கப்பட்ட குழிமுயல்தான் அது.

உண்மையான கலப்பு குழிமுயலின் வகைகளுக்குள் நடப்பது. அத்தனை வளர்ப்பு வகைகளும் ஒரே காட்டு மூலத்திலிருந்து வந்தவை என்று 1868லேயே டார்வின் மண்டையோடுகளை அளந்து வாதிட்டார். ஹார்வர்டின் காசில் 1909இல் குழுவினருடன் வெளியிட்ட ஆய்வு, கலப்பின் கணக்கைக் கூண்டிலேயே காட்டியது. நெடுமயிர் அங்கோராவைக் குறுமயிர் முயலோடு சேர்த்தால் குட்டிகள் எல்லாம் குறுமயிர். அந்தக் குட்டிகளைத் தமக்குள் சேர்த்தால் சராசரியாக நான்கில் ஒன்று நெடுமயிரோடு பிறக்கும். நீண்டு தொங்கும் காதுக்கோ இக்கணக்கு செல்லாது. அது இரு பெற்றோருக்கும் இடைப்பட்ட அளவில் நிற்கும். முயலைத் தூக்கிப் பார்த்து ‘இது இன்ன வகை’ என்று சொல்வது அரைகுறை அறிவு. அதற்குள் என்ன மறைந்திருக்கிறது என்பதை அதன் குட்டிகளே சொல்லும். இன்று கொடைக்கானல் மலையில் மன்னவனூர் ஆராய்ச்சி நிலையம் வெள்ளை ஜெயண்ட், சோவியத் சின்சில்லா வகைகளை ஈற்றுப் பதிவேடு வைத்துப் பேணுவதும் இதனால்தான். பதிவேடு இல்லாத கூண்டில் ‘அசல்’ என்பது வியாபாரியின் வாய்ச்சொல் மட்டுமே.

தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்பது நம் பழமொழி. ப்ரோகா பிடித்த முயலுக்கு நான்கு காலும் இருந்தன. எதிலும் அவர் கேட்டது இல்லை. அவர் பொய்யர் அல்லர். அளவையில் நுணுக்கமும் அதிகாரத்துக்கு அஞ்சாத துணிவும் கொண்டவர். தனக்குத் தேவையான விடையை ஒரு முயல் தந்தபோது, அது எத்தனை நாளில் எப்படிப்பட்ட குட்டியை ஈன்றது என்பதன் முன் அவருடைய வாதம் நிற்கவில்லை, கடந்துவிட்டது. கூண்டு முயலுக்குக் கலப்பு என்றும் மணத்துக்குக் கலப்பு என்றும் ஒரே சொல்லைப் புழங்குகிற நமக்கு இக்கதை அத்தனை தொலைவில் நடந்ததல்ல. முயல்களில் இரண்டு இனம் உண்டு, அவை கலக்கவில்லை. மனிதரில் ஓர் இனமே உண்டு, கலந்துகொண்டேதான் வந்திருக்கிறோம். ப்ரோகா இரண்டையும் தலைகீழாகப் படித்தார்.