எதிராளியையும் காக்கும் கலை: ஐகிடோ பிறந்த வரலாறு

வெளி மாநிலத்தில் வாழும் நம் குடும்பங்களில், மாலை வேளையில் பிள்ளைகளைப் பாட்டு, பரதம், கராத்தே என்று ஏதேனும் ஒரு வகுப்புக்கு அனுப்புவது வழக்கம். தற்காப்புக் கலை என்றாலே, "எவனாவது அடிக்க வந்தா திருப்பி அடிக்கத் தெரியணும்" என்பதுதான் பெற்றோர் மனத்தில் முதலில் எழும் எண்ணம். ஆனால், அடிக்க வந்தவனுக்கும் காயம் படக்கூடாது என்று சொல்லும் கலை ஒன்று ஜப்பானில் உண்டு. அதுதான் ஐகிடோ. 'ஐ' என்றால் இசைதல். 'கி' என்றால் உயிராற்றல். 'டோ' என்றால் நெறி.

இது ஏதோ மலைமேல் தவமிருந்த துறவிகள் கண்ட கலை என்று எண்ணிவிட வேண்டாம். போர்க்களத்தையும் கால் விலங்கையும் பார்த்த ஒரு மனிதரின் வாழ்க்கையிலிருந்து பிறந்தது இது.

நோஞ்சான் பிள்ளை

ஐகிடோவை உருவாக்கிய மொரிஹெய் உயெஷிபா 1883இல் வாகயாமா மாகாணத்தின் கடலோர ஊரான தனபேயில் பிறந்தார். சிறு வயதில் நோஞ்சான். ஊர் அரசியலில் ஈடுபட்டிருந்த தந்தையை எதிர்த்தரப்பு அடியாட்கள் தாக்கியதைக் கண்டு, உடம்பைத் தேற்றியே தீருவது என்று அவர் உறுதி பூண்டதாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். உயரம் சுமார் ஐந்தடி இரண்டு அங்குலம்தான். உயரம் போதாது என்று ராணுவம் முதலில் திருப்பி அனுப்பியது. மரக்கிளையில் தொங்கித் தொங்கி உடம்பை நீட்டினார் என்று சொல்வார்கள்! பிறகு ராணுவத்தில் சேர்ந்து ரஷ்ய-ஜப்பானியப் போரில் பணியாற்றினார்.

1912இல் ஒரு குடியேற்றக் குழுவுக்குத் தலைமை ஏற்று, வடகோடித் தீவான ஹொக்கைடோவுக்குச் சென்று ஷிரதாகி என்னும் இடத்தில் காடு திருத்தினார். பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் வந்த நமக்கு அந்த வாழ்க்கையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அங்கேதான் 1915இல் சொகாகு தகேடா என்ற கடுமையான ஆசானைச் சந்தித்து, தைதோ-ரியூ என்னும் பழைய மல்யுத்த மரபைக் கற்றார். மணிக்கட்டு, முழங்கை, தோள் ஆகிய மூட்டுகளைத் திருகி ஆளை வீழ்த்தும் கலை அது. ஐகிடோவின் பிடிகளில் பெரும்பகுதி அதிலிருந்து வந்ததே.

விலங்கும் வெளிச்சமும்

1919இல் தந்தை நோயுற்ற செய்தி கேட்டு ஊர் திரும்பும் வழியில், ஓமோதோ என்ற புதிய சமயத்தின் தலைவர் ஒனிசபுரோ தெகுச்சியைச் சந்தித்தார். போட்டி, வெற்றி என்பவற்றைத் தாண்டிய ஒரு நோக்கு அங்கு அவருக்குக் கிடைத்தது. 1924இல் அத்தலைவருடன் மங்கோலியாவுக்குப் போனவர், சீனப் படையிடம் பிடிபட்டுக் காலில் விலங்குடன் மரண தண்டனையை எதிர்நோக்கி நின்றார். ஜப்பானியத் தூதரகம் தலையிட்டதால் உயிர் தப்பினார்.

மறு ஆண்டு, கடற்படை அதிகாரி ஒருவர் மரவாளுடன் மோத வந்தார். உயெஷிபா வெறுங்கையுடன் நின்று ஒவ்வொரு வீச்சுக்கும் விலகிக்கொண்டே இருந்தார். கடைசியில் வந்தவர் களைத்து உட்கார்ந்துவிட்டார். ஒரு அடியும் விழவில்லை; ஆனாலும் சண்டை முடிந்துபோயிற்று! பின்னாளில் ஐகிடோ என்று வடிவெடுத்த எண்ணத்துக்கு இந்த நாளே வித்து என்பர்.

போர்க்காலச் சோதனை

இங்கேதான் சங்கடமான ஒரு கேள்வி வருகிறது. 1931இல் தோக்கியோவில் தொடங்கிய கோபுகான் பயிற்சிக்கூடத்துக்கு, கடுமையின் காரணமாக 'நரகக் கூடம்' என்றே பட்டப்பெயர். ஜூடோவின் தந்தை கானோ தம் மாணவர்களையே அங்கு அனுப்பிவைத்தார். ராணுவ, கடற்படைப் பள்ளிகளிலும் உயெஷிபா கற்பித்தார். அன்பைப் பேசியவர் போருக்குச் செல்பவர்களுக்குப் பிடிகளைச் சொல்லிக் கொடுத்தார் என்பது மறைக்க முடியாத உண்மை.

1942இல் அவர் அந்தப் பொறுப்புகளை விட்டு விலகி, இபாராகி மாகாணத்தின் இவாமா கிராமத்தில் நிலம் உழுது வாழத் தொடங்கினார். ஐகிடோ என்ற பெயர் அதிகாரபூர்வமாகப் பதிவானதும் அதே ஆண்டில்தான். போரில் தோற்ற பிறகு, ஆக்கிரமிப்பு நிர்வாகம் போர்க்கலைகளுக்குத் தடை விதித்தது. குண்டுவீச்சில் வீடிழந்த குடும்பங்கள் கோபுகான் கூடத்தில் தங்கியிருந்தன.

கலையைக் காப்பாற்றியவர் மகன் கிஷ்ஷோமாரு. 1948இல் ஐகிகாய் அமைப்புக்குக் கல்வி அமைச்சின் அனுமதி கிடைத்தது. ஆனாலும் மாணவர் குறைவு. அலுவலக வேலை பார்த்துக்கொண்டே அவர் பயிற்சி நடத்தினார். 1956இல் தக்காஷிமாயா அங்காடியில் பொதுமக்கள் முன் செயல்விளக்கம் நடந்தது. அதுவரை வேண்டியவர்களுக்கு மட்டும் என்றிருந்த கலை, யார் வேண்டுமானாலும் கற்கலாம் என்றானது. போர்க்கலை அமைதிக்கலையானது தந்தையின் அனுபவத்தாலும் மகனின் உழைப்பாலும் சேர்ந்துதான் எனலாம்.

கொள்கையும் பயிற்சியும்

வருகிற விசையை எதிர்த்து நிற்காமல், உள்ளே நுழைவது 'இரிமி'; அதனோடு சேர்ந்து திரும்புவது 'தென்கன்'. எதிராளி தன் சமநிலையை இழக்கும் நொடியில் அவனை வழிநடத்திக் கீழே இறக்கிவிட வேண்டும். பயிற்சியில் ஒருவர் தாக்குவார், மற்றவர் வீழ்த்துவார், பிறகு மாற்றிக்கொள்வார்கள். ஐகிகாய் மரபில் வெற்றி தோல்விப் போட்டி கிடையாது.

"இதெல்லாம் தெருச்சண்டையில உதவுமா?" என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். ஒத்துழைக்கும் கூட்டாளியுடன் பழகுவதால் உண்மையான தாக்குதலில் தடுமாற்றம் வரும் என்ற குறைபாடு சீடர்களிடையிலேயே பேசப்பட்டது. அதனால்தான் கென்ஜி தோமிகி மென்மையான கத்தியை வைத்துப் போட்டிமுறையைக் கொண்டுவந்தார். 1955இல் கோசோ ஷியோடா தொடங்கிய யோஷின்கான் பள்ளியில் தோக்கியோ கலவரத் தடுப்புக் காவலர்கள் பயில்கிறார்கள். கைது செய்ய வேண்டும், ஆனால் எலும்பு முறியக்கூடாது என்னும் வேலைக்கு இந்தப் பிடிகள் பொருந்துகின்றன.

உயெஷிபாவின் அமெரிக்கச் சீடர் டெர்ரி டாப்சன் எழுதிய ஒரு நிகழ்ச்சி புகழ்பெற்றது. தோக்கியோ ரயிலில் ஒரு குடிகாரர் பயணிகளை மிரட்டுகிறார். டாப்சன் சண்டைக்குத் தயாராகிறார். அதற்குள் ஒரு முதியவர் அந்தக் குடிகாரரை அன்போடு அழைத்து, என்ன குடித்தீர்கள் என்று பேச்சுக் கொடுக்கிறார். சற்று நேரத்தில் அந்த ஆள் மனைவியை இழந்த துக்கத்தைச் சொல்லி அழுகிறார். தாம் பயின்ற கலையை அந்த முதியவர் செய்து காட்டிவிட்டதாக டாப்சன் உணர்ந்தார்.

அன்றாட வாழ்வில் பெரும்பாலோருக்கு உதவுவது இன்னும் எளிய ஒன்று: 'உகெமி', அதாவது அடிபடாமல் விழும் முறை. முரடனைச் சந்திப்பது எப்போதோ ஒருநாள். குளியலறையிலும் மழைக்காலப் படிக்கட்டிலும் வழுக்குவது அடிக்கடி. பிள்ளையை வகுப்பில் சேர்க்கப் போகும் பெற்றோர், "முதல் சில மாதங்கள் என்ன சொல்லித் தருவீங்க?" என்று ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள். "விழவும் எழவும்" என்று பதில் வந்தால் தயங்காமல் சேர்க்கலாம்.