பெற்றோர் என்னும் வருகையாளர்: கனடாவின் நெடுந்தங்கல் விசாவின் வரலாற்றுப் பின்னணி

குடிவரவின் வரலாறு பெரும்பாலும் உழைக்கவல்ல ஆண்மகனின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. கப்பலேறியவன், மரமரியும் ஆலையிலோ இருப்புப்பாதையிலோ வேலைக்கமர்ந்தவன், பின்னர் வாக்குரிமை கோரியவன் என்னும் இவ்வரிசையில் அவனை ஈன்றோருக்கு இடமிருப்பதில்லை. ஆயினும் ஓர் அரசு யாரைக் குடும்பத்தவர் என ஏற்கின்றது, யாரை வருகையாளர் என எல்லையில் நிறுத்துகின்றது என்பதை நோக்குமிடத்து, அவ்வரசு மனித உழைப்பை எவ்வாறு கணக்கிடுகின்றது என்பதும் புலனாகும். 2011 டிசம்பர் 1ஆம் திகதி கனடாவில் நடைமுறைக்கு வந்த, ‘சூப்பர் விசா’ எனப்படும் பெற்றோர், பாட்டன் பாட்டியருக்கான நெடுந்தங்கல் விசாவை இந்நோக்கிலேயே நாம் இங்கு ஆராய முற்படுகின்றோம்.

இவ்விசாவின் தோற்றுவாயை 2011 இல் தேடுவது போதாது. 1908 இல் கனடா விதித்த இடையறாப் பயண விதி, பிறந்த நாட்டிலிருந்து எங்கும் தங்காது நேரே வந்தவரையே உள்ளே அனுமதித்தது. இந்தியாவிலிருந்து அத்தகைய பயணம் நடைமுறையில் இயலாததொன்றாக இருந்தமையால், இனத்தின் பெயரைச் சொல்லாமலே ஓர் இனத்தைத் தடுக்க முடிந்தது. 1914 இல் கொமகட்டா மாரு கப்பலில் வந்த 376 பயணிகளுட் பெரும்பாலோர் வன்கூவர் துறைமுகத்தில் இரு மாதங்கள் தடுக்கப்பட்டுத் திருப்பியனுப்பப்பட்டமை பலரும் அறிந்ததே. அதிகம் பேசப்படாதது அதன் பின் நிகழ்ந்த இணக்கம். 1918 இல் இலண்டனிற் கூடிய பேரரசு யுத்த மாநாடு, பேரரசின் பிற நாடுகளில் நிலையாக வாழும் இந்தியர் தம் மனைவியரையும் வயதுவராப் பிள்ளைகளையும் அழைத்துக்கொள்ளலாம் எனத் தீர்மானித்தது. ஒருவனுக்கு ஒரு மனைவி மட்டுமே என்ற நிபந்தனையும் உடனிருந்தது. பெற்றோர் அத்தீர்மானத்தில் இடம்பெறவில்லை. இந்தியரின் கூட்டுக் குடும்ப அமைப்பை ஆட்சியாளர் அறியாதிருந்தனர் என்று கூறுவதற்கில்லை. பயனுள்ள உழைப்பாளியின் மீளுற்பத்திக்கு வேண்டிய அளவிலேயே குடும்பம் ஏற்கப்பட்டது எனல் பொருந்தும்.

அத்தீர்மானத்தின் மற்றொரு பகுதி நமது பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. ஒரு பேரரசு நாட்டினர் மற்றொன்றுக்கு வருகையாளராகச் செல்லலாம். ஆனால் அவ்வருகை உரிமை உடலுழைப்பையோ நிலையான குடியேற்றத்தையோ உள்ளடக்காது என்று அது வரையறுத்தது. வரலாம், உழைக்கலாகாது, வேரூன்றலாகாது என்னும் இவ்வாய்பாடு பேரரசு மறைந்த பின்னும் மறையவில்லை என்பதே நமது கருத்து.

இலங்கையரைப் பொறுத்தமட்டில் இக்கதை 1951 இல் தொடங்குகின்றது. அவ்வாண்டின் உடன்படிக்கைகளின்படி இந்தியாவுக்கு 150, பாகிஸ்தானுக்கு 100, இலங்கைக்கு 50 என வருடாந்த ஒதுக்கீடு வழங்கப்பட்டது. 1962ஆம் ஆண்டு விதிகள் இனப் பாகுபாட்டைப் பெரும்பாலும் நீக்கினவெனினும், மணமான பிள்ளைகள், உடன்பிறந்தோர் ஆகியோரை அழைக்கும் உரிமையில் ஐரோப்பியருக்கும் ஆசியருக்குமிடையே வேறுபாடு எஞ்சியிருந்தது. அதனை 1967ஆம் ஆண்டுப் புள்ளி முறை விதிகளே அகற்றின. அவ்விதிகள் வருகையாளராக வந்தவர் கனடாவில் இருந்தவாறே குடியேற்றத்துக்கு விண்ணப்பிக்கவும் இடமளித்தன. விருந்தினருக்கும் குடியேறுவோருக்கும் இடையிலான கோடு இங்ஙனம் ஐந்தாண்டுக் காலம் மங்கியிருந்தது. 1972 நவம்பரில் அவ்வழி அடைக்கப்பட்டது. 1976ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம், 1978 இல் நடைமுறைக்கு வந்தபோது, குடும்பங்களை ஒன்றிணைத்தலைக் கொள்கையின் குறிக்கோள்களுள் ஒன்றாக வெளிப்படையாகவே பொறித்தது.

இச்சட்டத்தின் காலத்திலேயே ஈழத்தமிழர் பெருந்தொகையிற் கனடா சென்றனர். 1983 யூலை வன்செயலும் அதன் பின்னரான யுத்தமுமே காரணம். 1986 ஓகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கப்பால் உயிர்காப்புப் படகுகளிலிருந்து 155 தமிழர் மீட்கப்பட்டமை இவ்வரலாற்றின் நன்கறியப்பட்ட நிகழ்ச்சி. சென்றோரிற் பலர் இளைஞர். முதியோர் ஊரிலேயே எஞ்சினர். அகதியாக ஏற்கப்பட்டு, நிரந்தர வதிவிடம் பெற்று, வருமானத்தை நிரூபித்த பின்னரே ஒருவர் பெற்றோரை அழைக்க முடிந்தது. இதற்குட் கழிந்த ஆண்டுகள் முதியோருக்குச் சிறியனவல்ல.

உறவை நிரூபித்தலும் எளிதன்று. பிள்ளையின் பிறப்புச் சான்றிதழிற் பெற்றோரின் பெயர் இருக்கவேண்டும். அது கடவுச்சீட்டிலுள்ள பெயருடன் பொருந்தவேண்டும். தந்தை பெயரை முதற்பெயராகக் கொள்ளும் நமது வழக்கில் தலைமுறைதோறும் ‘குடும்பப் பெயர்’ மாறுகின்றது. ஒரே பெயர் ஆங்கிலத்தில் மூவிதமாக எழுதப்படுவதும் உண்டு. இடப்பெயர்வில் ஆவணங்களை இழந்தோரின் நிலையைச் சொல்லவேண்டியதில்லை.

2011 அளவில், முடிவுக்காகக் காத்திருந்த பெற்றோர், பாட்டன் பாட்டியர் தொகை 165,000 ஐக் கடந்திருந்தது. அவ்வாண்டு நவம்பர் 5ஆம் திகதி குடிவரவு அமைச்சர் ஜேசன் கெனி புதிய அனுசரணை விண்ணப்பங்களை ஏற்பதை நிறுத்தினார். அடுத்த மாதம் வந்த சூப்பர் விசா இவ்வடைப்புக்கு ஈடாகவே முன்வைக்கப்பட்டது. பத்தாண்டு வரை செல்லுபடியாகும். ஒவ்வொரு முறையும் இரண்டாண்டு வரை தங்கலாம். பிள்ளையோ பேரப்பிள்ளையோ குறித்த அளவு வருமானத்தைக் காட்டி, ஆதரவை எழுத்தில் உறுதியளிக்கவேண்டும். மருத்துவப் பரிசோதனை வேண்டும். கனேடிய நிறுவனமொன்றில் குறைந்தது ஓராண்டுக்கு, 100,000 டொலருக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதியும் வேண்டும்.

காப்புறுதி நிபந்தனையே இவ்விசாவின் உட்கருவாகும். அனுசரணை வழியில் வரும் பெற்றோர் மாகாண மருத்துவத் திட்டத்துக்கு உரியவராவர். விசாவில் வருபவர் அங்ஙனமல்லர். அவரது முதுமையின் செலவு பொதுநிதியிலிருந்து தனியார் காப்புறுதிச் சந்தைக்கு மாற்றப்படுகின்றது. வயதும் நீரிழிவு, இருதய நோய் போன்றனவும் கட்டணத்தை ஏற்றுவதால், அதிக நோயுற்றவரின் பிள்ளையே அதிகம் செலுத்துகின்றார். முதியோர் பொதுமருத்துவத்துக்குச் சுமையாவர் என்ற அரசின் வாதத்தை நாம் முற்றாக மறுக்கவில்லை. ஆனால் அக்கணக்கில் ஒரு பக்கமே எழுதப்பட்டுள்ளது. தாயும் தந்தையும் தொழிற்சாலையிலும் அலுவலகத்திலும் மாறிமாறி வேலை செய்யும் ரொறன்ரோ வீடொன்றிற் குழந்தையைக் குளிப்பாட்டி, சோறூட்டி, பாடசாலையிலிருந்து அழைத்துவரும் அம்மம்மா செய்வது என்ன? சட்டத்தின் மொழியில் அவர் உழைக்கவில்லை. உழைக்க அவருக்கு அனுமதியும் இல்லை. இரு சம்பளங்களைச் சாத்தியமாக்கும் அவ்வுழைப்பின் பயன் மட்டும் வரியாக அரசைச் சென்றடைகின்றது.

எனினும் இவ்விசாவை வெறும் ஏமாற்று என ஒதுக்குவது ஆய்வாளருக்கு அழகன்று. காணியையும் வளவையும் கோயிலையும் விட்டு நிரந்தரமாகப் பெயர விரும்பாத முதியோர் பலர். பனிக்காலத்தில் நான்கு சுவருக்குள் அடைபட்டிருப்பதிலும், வந்து பேரப்பிள்ளையைப் பார்த்துத் திரும்புவதையே அவர்கள் வேண்டுவர். அத்தகையோருக்கு இது உண்மையான வசதியே. போய்வருதலைத் தாமே தெரிந்துகொண்டோர்க்கும், வேறு வழியின்மையால் அதற்குத் தள்ளப்பட்டோர்க்கும் உள்ள வேறுபாட்டை விசா காட்டாது என்பதே குறை.

அனுசரணை வழி 2014 ஜனவரியில் 5,000 விண்ணப்பங்கள் என்ற வரம்புடன் மீளத் திறந்தது. அனுசரணையாளரின் பொறுப்புக் காலம் பத்தாண்டிலிருந்து இருபதாண்டாக நீண்டது. வருமானத் தகுதி குறைந்த வருமான எல்லைக்கு மேல் 30 வீதம் உயர்த்தப்பட்டு, தொடர்ந்து மூன்றாண்டுகளுக்குக் காட்டப்படவேண்டியதாயிற்று. ஆண்டு வரம்பு பின்னர் 10,000 ஆகியும் நெருக்கடி தீரவில்லை. 2017 இற் குலுக்கல் முறை புகுந்தது. தாயை அழைக்கும் உரிமை அதிர்ஷ்டத்துக்கு விடப்பட்டது என்ற கண்டனத்தின் பின் 2019 இல் ‘முந்தியவர்க்கு முதலிடம்’ என்றாக்கப்பட்டது. அவ்வாண்டு இடங்கள் சில நிமிடங்களிலேயே நிரம்பிவிட்டன. விரைவான கணினியும் இணைய இணைப்பும் உடையவரே வென்றனர். அவ்வேளையிற் பணியில் நின்ற தொழிலாளி தோற்றார். 2020 இல் மீண்டும் குலுக்கல்.

2022 யூலை 4ஆம் திகதி முதல் ஒரே வருகையில் ஐந்தாண்டு வரை தங்கவும், அங்கிருந்தவாறே மேலும் இரண்டாண்டு நீடிப்புக் கோரவும் சூப்பர் விசா இடமளித்தது. 2025 ஜனவரியிலிருந்து அங்கீகாரம் பெற்ற வெளிநாட்டுக் காப்புறுதி நிறுவனங்களும் ஏற்கப்பட்டன. வருகை இங்ஙனம் ஏறத்தாழ வதிவிடத்தின் நீளத்தை எட்டிய அதே ஆண்டுகளில் நிரந்தர வழி குறுகிக்கொண்டே சென்றது. 2021 முதல் 2025 வரை அனுசரணைக்கான அழைப்புகள் யாவும் 2020 இலையுதிர்காலத்தில் மூன்று வாரங்களுக்குள் விருப்பம் தெரிவித்தோர் பட்டியலிலிருந்தே வழங்கப்பட்டன. அப்பட்டியல் மூடப்பட்ட பின் நிரந்தர வதிவிடம் பெற்ற ஒருவருக்கு, அவரது வருமானம் எதுவாயினும், அவ்வைந்தாண்டுகளிலும் தம் பெற்றோரைச் சில மாதங்களுக்கு மேல் தம்முடன் வைத்திருக்கக் கிடைத்த முதன்மையான வழி சூப்பர் விசாவேயாகும்.