பெரியப்பாவின் ஆங்கிலம்

துப்புவதற்கு ஆங்கிலத்தில் ‘ஸ்பிட்’ என்ற சின்னஞ்சிறு சொல் இருக்க, ‘எக்ஸ்பெக்டொரேட்’ எதற்கு? பசறைப் பக்கத் தோட்டமொன்றில் டிஸ்பென்சராக இருந்த என் பெரியப்பா இச்சொல்லை விட்டதேயில்லை. வெற்றிலை மென்றபடி மருந்துச்சாலை வாசலில் நிற்பவரையும், “வெளியே போய் எக்ஸ்பெக்டொரேட் பண்ணு” என்றே விரட்டுவாராம். வீட்டில் நாங்கள் அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறோம்.

இலத்தீனில் ‘எக்ஸ்’ என்றால் வெளியே. ‘பெக்டஸ்’ என்றால் மார்பு. நெஞ்சுச் சளியை வெளிக்கொணர்வதே இதன் பொருள். வெற்றிலை எச்சிலுக்கு இது பொருந்தாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில், குறிப்பாக அமெரிக்காவில், ‘துப்பு’ என்று சொல்லக் கூசிய கனவான்கள் இதை இடக்கரடக்கலாக்கிக் கொண்டனர். 1882இல் ராபர்ட் கொக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்தார். 1896இல் நியூயோர்க் நகரம் பொது இடத்தில் துப்புவதைத் தடை செய்தது. மருத்துவர்களின் சொல் அறிவிப்புப் பலகைக்கும் ஏறியது.

ஊவாத் தோட்டங்களில் மொழிகள் விசித்திரமாகவே பழகின. சின்னத்துரைமார் தமிழ் கற்ற கைநூலொன்றின் பெயரே ‘இங்கே வா’. அவர்கள் தமிழுக்கு ஏவல் வினை போதுமாயிருந்தது. கந்தோர்க்காரர்களோ துரைக்கு எழுதும்போது அகராதியின் கனத்த சொற்களாகத் தேடினார்கள். (பத்திரிகைக்காரர்களாகிய நாங்கள் மட்டும் என்ன வாழ்ந்தோம்!)

ஓய்வு பெற்றபின் பெரியப்பா ஒரு சம்பவம் சொன்னார். ஐம்பதுகளில் நடந்தது. கொழுந்தெடுக்கும் பெண்ணொருத்தி இருமி இருமிச் சிவப்பாகத் துப்பினாள். பத்துக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவில் ஏழு பேர். “வெத்திலைச் சாறு, வேலைக்கு டிமிக்கி” என்றார் கங்காணி. சின்னத்துரையும் தலையசைத்தார். வெற்றிலை போடாத வாய் தோட்டத்தில் அரிது. சிவப்பைக் கண்டு யார் மிரள்வார்?

பெரியப்பா அவளை வாய் கொப்பளிக்கச் செய்து, வெள்ளைப் பீங்கானில் துப்பச் சொன்னார். பின் பெரியதுரைக்கு ஒரு துண்டு எழுதினார்: இவள் இரத்தம் ‘எக்ஸ்பெக்டொரேட்’ செய்கிறாள். ‘ஸ்பிட்’ என்று எழுதியிருந்தால் அவரும் வெற்றிலையைத்தான் நினைத்திருப்பார் என்பது பெரியப்பாவின் கணிப்பு. அன்று மாலையே தோட்டத்து லொறி அவளைப் பதுளை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிச் சென்றது.

ஸ்ட்ரெப்டோமைசின் வந்துவிட்ட காலம். பல மாதங்கள் கழித்துத் திரும்பி வந்தாள். மறுபடி வெற்றிலையோடு வாசலில் நின்றவளைப் பெரியப்பா அதே சொல்லால் விரட்டினாராம். லயத்தார் அச்சொல்லைப் ‘பெட்டரேட்டு’ ஆக்கி வைத்திருந்தார்கள். “பெட்டரேட்டுதான் ஐயா, இது வெறும் வெத்திலை” என்றாளாம் அவள்.