காசில்லாமல் ஏறிய கோச்சி

விடுமுறைக் காலத்தில் யாழ்தேவியில் ஏறியவர்களுக்கு நெரிசல் என்றால் என்னவென்று நான் சொல்லத் தேவையில்லை. சூட்கேசுக்கு மேல் இருந்து, கழிப்பறை வாசலில் நின்று போயிருக்கிறோம். ஆனால் 1966இன் கடைசி மாதங்களில் சீனாவில் ஓடிய கோச்சிகளோடு பார்த்தால் அது சொகுசுப் பயணம்.

அந்த வருடம் ஓகஸ்ட் 18இல் பெய்ஜிங் தியனன்மென் சதுக்கத்தில் பத்து இலட்சம் பேரளவில் கூடிய செங்காவலர்களுக்கு மாவோ காட்சி கொடுத்தார். செப்ரம்பர் 5இல் அறிவித்தல் வந்தது. வெளியூர் மாணவர்கள் தலைநகருக்கு வந்து கலாசாரப் புரட்சியை நேரில் பார்க்கலாம். ரயில் இலவசம். சாப்பாடும் தங்குமிடமும் அரசாங்கச் செலவு.

பிறகென்ன! வீட்டுப்படி தாண்டாத பெடியளும் பெட்டையளும் கொடியோடும் சிவப்புக் கைப்பட்டியோடும் குழுக்குழுவாக ஏறினார்கள். ஆசனத்துக்குக் கீழே, சாமான் தட்டில், கழிப்பறைக்குள் எல்லாம் ஆட்கள். ஏறுவதும் இறங்குவதும் யன்னலால். சரக்குகள் நிலையங்களில் தேங்கிக் கிடந்தன.

யன்னலுக்கு வெளியே கிராமங்கள். ஐந்து வருடங்களுக்கு முன்தான் பெரும்பஞ்சத்தில் கோடிக்கணக்கில் சனம் செத்த கிராமங்கள். தண்டவாளத்துக்குப் பக்கத்தில் நின்ற கமக்காரனுக்கு இந்த இலவச ரயில் இல்லை. 1958ஆம் ஆண்டுக் குடிப்பதிவுச் சட்டம் அவனை ஊரோடு கட்டி வைத்திருந்தது.

நவம்பர் 26இல் எட்டாவது கூட்டம் முடிந்தபோது பெய்ஜிங் வந்து மாவோவைப் பார்த்தவர்கள் மொத்தம் ஒரு கோடியே பத்து இலட்சத்துக்கும் மேல். அந்த நெரிசலோடு மூளைக்காய்ச்சலும் நாடு முழுக்கப் பயணம் செய்தது. 1966-67இல் முப்பது இலட்சம் பேருக்குத் தொற்றி, ஒரு இலட்சத்து அறுபதாயிரம் பேர் வரையில் இறந்தார்கள். எங்கள் ஊர் வாசிகசாலையில் சண்முகதாசனின் சீனச்சார்புக் கட்சித் தோழர்கள் கொண்டுவந்து போட்ட படச் சஞ்சிகைகளில் அந்தப் பிள்ளைகளின் சிரிப்பைப் பார்த்திருக்கிறேன். காய்ச்சல் பற்றி ஒரு வரி கண்டதில்லை.

அந்தப் பிள்ளைகளை மடையர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பதினைந்து வயதில் 'நீதான் நாட்டின் எதிர்காலம், காசு வேண்டாம், ஏறு' என்றால் யார் ஏறமாட்டார்? எங்கள் பக்கத்திலும் ஏறினார்கள், வேறு வாகனங்களில்.

இரண்டே வருடம். 1968 டிசம்பர் 22இல் அடுத்த கட்டளை: படித்த இளைஞர்கள் கிராமத்துக்குப் போய்க் கமக்காரரிடம் படிக்கவேண்டும். அதே ரயில்கள் மறுபக்கம் ஓடின. 1979 வரையில் ஒரு கோடி எழுபது இலட்சம் பேரளவில் கிராமங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். போனவர்களின் நகரக் குடிப்பதிவு வெட்டப்பட்டது. இனி அவர்களும் அந்தத் தண்டவாளத்துப் பக்கத்துக் கமக்காரன்தான்.

1978 கடைசியில் யுனான் மாகாண இறப்பர்த் தோட்டங்களில் இருந்தவர்கள் 'வீட்டுக்குப் போகவேண்டும்' என்று வேலைநிறுத்தம் செய்தார்கள். மனுக்கொடுக்க பெய்ஜிங் புறப்பட்ட முதற்குழு, குன்மிங்கில் ரயிலேற முடியாமல் தண்டவாளத்தில் படுத்தது. இரண்டாவது குழு எப்படியோ போய்ச் சேர்ந்தது. 1979 ஜனவரியில் உபபிரதமர் வாங் ஜென் அவர்களைச் சந்தித்தார். அந்த வருடத்திலேயே யுனானில் இருந்தவர்களில் பெரும்பாலானோர் தங்கள் நகரங்களுக்குக் கோச்சி ஏறினார்கள். பதினைந்து வயதில் போனவர்களுக்கு அப்போது இருபத்தைந்து தாண்டியிருந்தது.