திரைக்குக் கீழே கால்கள்

சீட்டாட்டம்னாலே அதிர்ஷ்டம்தானே என்பார்கள். பிரிட்ஜ் அணிப் போட்டியில் அந்தப் பேச்சு எடுபடாது. ஒரே சீட்டுகளை இரண்டு மேசைகளில் ஆடுவார்கள். இந்த மேசையில் ஒரு நாட்டுக்கு வந்த சீட்டு, அந்த மேசையில் எதிரணிக்கு. ஆக, மிஞ்சுவது திறமை. இல்லைன்னா, ஜாடை.

1965இல் புவனஸ் அயர்ஸில் நடந்த பெர்முடா கோப்பைப் போட்டி. பிரிட்டனின் ரீஸும் ஷபிரோவும் எத்தனை ஹார்ட்டின் இருக்கிறது என்பதை விரல்களால் சொல்லிக்கொண்டதாகப் புகார். உலக சம்மேளனம் குற்றம்தான் என்றது. பிரிட்டனில் நடந்த விசாரணையோ, ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்படவில்லை என்று விடுவித்தது. இன்றுவரை இரு கட்சியும் உண்டு.

1975 போட்டியில் கூட்டாளிகளுக்கு நடுவே மேசைமேல் திரை வைத்தார்கள். கை மறைந்தது, கால் மறையவில்லை! இத்தாலியின் ஃபக்கினி, கூட்டாளி ஸுக்கெல்லியின் காலைத் தன் காலால் தொட்டதைச் சிலர் பார்த்துவிட்டார்கள். ஏமாற்று என்று தீர்ப்பில்லை, கடுமையான கண்டனம் மட்டும். மேசைக்கடியில் சின்ன மேசைகளைப் போட்டுத் தடுத்தார்கள். பிற்பாடு திரையே தரைவரை இறங்கியது.

கோப்பையை வென்றதும் இத்தாலிதான், 26 புள்ளி வித்தியாசத்தில். அதே அணியில்தான் பெல்லடோன்னா, கரோஸோ என்ற மேதைகளும் இருந்தார்கள். அவர்கள் ஆட்டத்தைப் படிக்கும்போதும் எனக்கு அந்தக் கால்கள் ஞாபகம் வருகின்றன. சந்தேகத்துக்குத் திரை கிடையாது. அது பக்கத்தில் உட்கார்ந்தவர் மேலும் படியும்.