இரு காலத்துக் கவிஞர் கமலா சுரய்யா

நமது காமயகவுண்டன்பட்டியில் நின்று மேற்கே நோக்கினால் தெரியும் மலைகளுக்கு அப்பால் மலையாள நாடு. கம்பம் சென்று குமுளி ஏறினால் எல்லை கடந்துவிடலாம். அந்நாட்டில் பிறந்து ஆங்கிலத்தில் கவிபாடிப் புகழெய்திய ஒரு பெண்மணியை, மலைக்கு இப்பக்கத்திலுள்ள நாம் ஒரே செய்தியால் மட்டும் அறிந்திருக்கிறோம். 1999 டிசம்பரில் கமலா தாஸ் இஸ்லாத்தைத் தழுவிக் கமலா சுரய்யா ஆனார். ஒரு சாரார் ஏசினர்; நம்மவர் மகிழ்ந்தனர். மகிழ்ந்தவர்களுள் எத்தனை பேர் அவர் கவிதையைப் படித்தோம்?

இன்றைய திருச்சூர் மாவட்டத்துப் புன்னயூர்க்குளத்தில் 1934 மார்ச் 31இல் பிறந்தவர் அவர். அன்னை பாலாமணியம்மா மலையாளத்தின் பெருங்கவிஞர். அன்னையின் தாய்மாமன் நாலப்பாட்டு நாராயண மேனன், தமிழில் 'ஏழைபடும் பாடு' என வந்த யூகோவின் நாவலை மலையாளத்தில் தந்தவர். இத்தகைய குடும்பத்தில் பிறந்தும் கமலா பட்டப்படிப்புப் படித்தவரல்லர். பதினைந்து வயதில் மணமாயிற்று. வீட்டார் உறங்கிய பின்னர்ச் சமையலறை மேசையில் அமர்ந்து எழுதினார். 'மாதவிக்குட்டி' என்ற பெயரில் மலையாளக் கதைகள். சொந்தப் பெயரில் ஆங்கிலக் கவிதைகள். 1965இல் வந்த 'சம்மர் இன் கல்கத்தா' இந்திய ஆங்கிலக் கவிதையின் போக்கையே மாற்றிற்று. அன்பற்ற இல்லறத்தையும் பெண்ணின் தனிமையையும் மறைக்காது பாடினார். 1985இல் சாகித்திய அகாதெமி விருது கிட்டியது.

இம்முற்காலக் கவிதைகள் நம் வீட்டுப் பெண்களுக்கு ஆகா என்பார் உளர். நாமும் ஒருகால் அவ்வாறே சொன்னோம். ஆனால் மதரஸாவில் நாம் ஓதிக்கொடுப்பது என்ன? இம்ரவுல் கைஸ் நாணமின்றிப் பாடிய காதலை முஅல்லக்காத்தில் வரிவரியாக விளக்கவில்லையா! அறியாமைக் காலத்திலும் இஸ்லாத்திலும் வாழ்ந்த கவிஞரை அரபிகள் 'முகள்ரம்' என்பர். லபீத் (ரலி) அத்தகையவர்; அவருடைய முஅல்லக்கா இஸ்லாத்திற்கு முந்தியதே. கன்ஸா (ரலி) தம் சகோதரர்க்காகப் பாடிய இரங்கற்பாக்களை ஈமான் கொண்ட பின் எவரும் அழித்துவிடவில்லை. அவருடைய கவிதையைப் பெருமானார் (ஸல்) அவர்களே கேட்டு மகிழ்ந்தார்கள் என்று எழுதுகின்றனர். கமலாவும் ஒரு முகள்ரம் அன்றோ? 2001இல் 'யா அல்லாஹ்' என மலையாளத்தில் பாடிய நெஞ்சும், கல்கத்தாவின் வெயிலைப் பாடிய நெஞ்சும் ஒன்றே. முன்னதை மட்டும் ஏந்திப் பின்னதை ஒளித்தால் பாதிக் கவிஞரே நமக்கு மிஞ்சுவார்.

2009 மே 31இல் புனேயில் மறைந்த அவர், திருவனந்தபுரம் பாளையம் ஜும்ஆப் பள்ளி மையவாடியில் அரசு மரியாதையுடன் அடக்கம் செய்யப்பட்டார். நம் அலமாரியில் முஅல்லக்காத்தின் பக்கத்திலேயே அவர் நூலையும் வைத்திருக்கிறோம்.