கேட்காமல் வந்த ஒன்பது கோப்பை

கதிரையில இருந்த உடன நான் தேடினது மெனுவை. மேசையில துவாய் இருந்தது, முள்ளுக்கரண்டி இருந்தது, சின்ன அட்டை ஒன்று இருந்தது. அட்டையில் சாப்பாட்டின் பேர் ஒன்றும் இல்லை. ஏதாவது ஒத்துக்கொள்ளாத சாமான் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், மிச்சத்தை எங்களிடம் விடுங்கள் என்ற மாதிரி இரண்டு வரிதான்.

கொழும்பில் ஒரு புது ரெஸ்ரோரன்ட் அது. கூட்டிக்கொண்டு போனது சித்தப்பா. சுவிசில் இருந்து ஒரு மாத லீவில் புங்குடுதீவுக்கு வந்தவர், திரும்பிப் போகிற நாள் நானும் வழியனுப்பக் கொழும்புக்கு வந்தேன். பிளேன் விடியப்புறம். "பிள்ளை, பின்னேரம் ஒரு இடத்துக்குப் போவம். அங்கயிருந்தே புக் பண்ணிப்போட்டன்" என்று மட்டும் சொன்னார். ஒன்பது கோப்பைச் சாப்பாடு, ஒவ்வொன்றாக வரும், என்ன வரும் என்று வரும்வரைக்கும் தெரியாது. (எங்கட விடுதியிலும் என்ன கறி என்று மூடியைத் திறந்தால்தான் தெரியும். அதுக்கு ஆரும் காசு கூடக் குடுக்கிறேல்ல.)

முதலில் குத்திக்காசு அளவில் ஒரு அப்பம், நடுவில் ஒற்றை இறால். பிறகு பச்சைச் சூரைமீன் துண்டு, மேல நெல்லிக்காய்ச் சாறு. நான் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். சித்தப்பா கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "இது குளிர்ச் சாப்பாட்டுக்காரன்ர வேலை. சாறு காலமையே வடிச்சு வச்சிருப்பாங்கள். இந்தப் பொட்டு இருக்கெல்லோ, கடைசி நிமிசத்தில வேற ஒருத்தன் வச்சது." முப்பது வருசத்துக்கு மேல ரெஸ்ரோரன்ட் குசினிக்குள்ள நின்ற மனிசன். இப்படி ஒரு மேசையில் முன்பக்கம் இருந்து சாப்பிடுவது அன்றைக்குத்தான் முதல்தரம் என்று மூன்றாவது கோப்பை வரும்போது சொன்னார். அதுக்குப் பிறகு நான் படம் எடுக்கேல்ல.

ஊருக்குத் திரும்பிவந்து, இந்தச் சாப்பாட்டு முறை எங்கேயிருந்து வந்தது என்று தேடி வாசித்தேன்.

பழைய பிரெஞ்சு விருந்துகளில் கோப்பைகள் ஒவ்வொன்றாக வரவில்லை. எங்கட கல்யாண வீட்டு வாழையிலை மாதிரித்தான். கனக்கச் சாமானை ஒரேயடியாக மேசை நிறையப் பரப்பிவிடுவார்கள், எட்டினதை எட்டினவர் எடுப்பார். ஒன்றன்பின் ஒன்றாகச் சுடச்சுடக் கொண்டுவருகிற பழக்கத்தைப் பாரிசில் அறிமுகப்படுத்தியது 1810 அளவில் அங்கே இருந்த ரஷ்யத் தூதுவர் குராகின் என்று சொல்வார்கள். அதனால் அதுக்கு ரஷ்ய முறை என்றே பேர். அந்த நூற்றாண்டின் பிற்பாதியில் ஐரோப்பா முழுக்க அது பரவியது. அதுக்குப் பிறகு எஸ்கோஃபியே என்ற சமையல்காரர் குசினியை இராணுவம் மாதிரிப் பிரித்தார். சோஸுக்கு ஒரு ஆள், மீனுக்கு ஒரு ஆள், குளிர்ச் சாப்பாட்டுக்கு ஒரு ஆள். சித்தப்பா கோப்பையைப் பார்த்து ஆளைச் சொன்னது இந்தக் கணக்கில்தான்.

அடுத்த பெரிய மாற்றம் 1970களில். கோ, மியோ என்ற இரண்டு பிரெஞ்சு எழுத்தாளர்கள் 1973இல் 'நூவெல் குயிசின்', அதாவது புதுச் சமையல், என்ற பேரைப் பரப்பினார்கள். போல் போகூஸ் போன்ற சமையல்காரர்கள் யப்பானுக்குப் போய், அங்கே கைசெகி விருந்தில் சின்னச் சின்னக் கோப்பைகள் ஒழுங்காக வருவதைப் பார்த்துவிட்டு வந்தார்கள். பாரமான சோஸ் குறைந்தது, அளவு சிறுத்தது, கோப்பைகளின் எண்ணிக்கை கூடியது. சாப்பாட்டைக் கோப்பையில் அடுக்குவது மேசையடியில் நிற்பவரின் கையிலிருந்து குசினிக்குள்ளே போனது. என்ன சாப்பிடுவது என்று முடிவெடுப்பதும் மெல்ல மெல்ல உள்ளே போய்விட்டது. ஸ்பெயினில் இருந்த எல் புய்யி ரெஸ்ரோரன்ட் இதை உச்சத்துக்குக் கொண்டுபோனது, ஒரு இரவுக்கு முப்பதுக்கு மேல் சின்னக் கோப்பைகள். 2011 யூலையில் அதை மூடினார்கள்.

'குயிசின்' என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. யாழ்ப்பாணத்தை 1619இல் பிடித்த போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல் எங்கட குசினி. இரண்டுக்கும் இலத்தீன்தான் தாய். சித்தப்பா அங்கே போய்ப் புதுச்சொல் பழக வேண்டி இருந்திருக்காது.

இந்த வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பெரிய சமையல்காரரின் பேரோடு நிற்பார்கள். எனக்குக் கணக்குத்தான் உறைத்தது. முப்பது பேர் சாதாரணமாக மூன்று கோப்பை சாப்பிட்டால் தொண்ணூறு கோப்பை. அதே முப்பது பேருக்கு ஒன்பது கோப்பை விருந்து என்றால் இருநூற்று எழுபது, கிளாசும் கரண்டியும் வேற. பொட்டு வைக்க ஒருத்தர் வேணும், இறால் கோது உரிக்க ஒருத்தர், எல்லாவற்றையும் கழுவ இன்னும் ஆட்கள். ஐரோப்பிய ரெஸ்ரோரன்ட்டுகள் இப்படிக் கை தேடின அதே காலத்தில்தான் எங்கட ஆட்கள் அங்கே போய் இறங்கினார்கள். ஒன்றால்தான் மற்றது நடந்தது என்று நான் சொல்ல வரேல்ல. ஆனால் இரண்டையும் சேர்த்து ஆரும் எழுதி நான் வாசிக்கேல்ல.

புங்குடுதீவாருக்குப் பிறத்தியாருக்குச் சோறு போடுவது சுவிசில் தொடங்கின வேலை இல்லை. மழையை நம்பின ஒருபோக நெல், உவர்க்கிணறு, பனை, கடல். இதை வைத்துக்கொண்டு எல்லாரும் சீவிக்க ஏலாது. போன நூற்றாண்டின் முதல் பாதியிலேயே தீவக ஆட்கள் கொழும்புக்கும் தெற்கில் உள்ள பட்டினங்களுக்கும் போய்ப் பலசரக்குக்கடை, தேத்தண்ணிக்கடை, சாப்பாட்டுக்கடை போட்டார்கள். கடைக்கு ஊரிலிருந்தே பொடியன்களைக் கூப்பிடுவார்கள். இரவில் மேசைகளைச் சேர்த்துப்போட்டு அங்கேயே படுக்கை.

அப்பப்பா அப்படிப் புறக்கோட்டையில் ஒரு சாப்பாட்டுக்கடைக்குப் போனவர். அந்தக் கடைகளிலும் மெனு இல்லை. போய் இருந்தால் கேட்காமலே ஒரு தட்டில் வடை, ரோல்ஸ், பணிஸ் எல்லாம் கொண்டுவந்து வைப்பார்கள். விரும்பினதைச் சாப்பிடலாம், எழும்பும்போது குறைந்ததை எண்ணிக் காசு. இன்றைக்கும் பழைய தேத்தண்ணிக்கடைகளில் இது இருக்கு. என்னைக் கேட்டால் இதுதான் மரியாதையான முறை. அங்கே சாப்பிடுகிறவருக்கு வேண்டாம் என்று சொல்ல இடம் இருந்தது.

1958இலும் 1977இலும் கலவரம் வந்தபோது கடையைப் பூட்டிவிட்டு ஊருக்கு வந்து, பிறகு திரும்பிப் போயிருக்கிறார்கள். 1983 யூலையில் அப்பப்பா வேலைசெய்த கடை எரிந்தது. அகதிமுகாமில் இருந்து கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து, அங்கேயிருந்து தீவுக்கு வந்தவர், பிறகு கொழும்புக்குப் போகவே இல்லை. சித்தப்பாவுக்கு அப்ப பத்து வயசு. 1991இல் இராணுவம் தீவகத்தைப் பிடிக்க, சனம் வெளிக்கிட்டது. அடுத்த வருசம் சித்தப்பா சுவிசில்.

அங்கே 80களில் பேர்ண் ரயில் நிலையத்தடியில் கூடி நின்ற தமிழ்ப் பொடியன்களைப் பேப்பர்கள் 'தோல் ஜக்கெற் தமிழர்' என்று எழுதின. வேலை இல்லாமல் ஊர் சுற்றுகிறவர்கள் என்று பேர். அகதி விண்ணப்பம் முடியுமட்டும் நினைத்த வேலைக்குப் போக அனுமதி இல்லை என்பதைக் கனபேர் யோசிக்கவில்லை. அனுமதித்த சில துறைகளில் முக்கியமானது ரெஸ்ரோரன்ட். பத்து வருசத்துக்குள்ளே அதே பேப்பர்கள், தமிழர் இல்லாவிட்டால் எங்கள் குசினிகள் ஓடாது என்று எழுதுகிற நிலைமை வந்தது. சித்தப்பா ஏழு வருசம் கோப்பை கழுவினார். பிறகு மரக்கறி வெட்டினார், பிறகு குளிர்ச் சாப்பாடு. குளிர்ச் சாப்பாட்டுக்காரனின் வேலை அவருக்கு எப்படித் தெரியும் என்று இப்ப விளங்கியிருக்கும்.

ஆறாவது கோப்பையாக வந்தது கோப்பையே இல்லை. கட்டைவிரல் உயரத்தில் ஒரு கண்ணாடிக் கிளாஸ், உள்ளே மண்ணிறமாக ஏதோ. பரிமாறின தம்பி குனிந்து, "இது வடக்கின் கடலுணவுக் கூழ்" என்றார்.

ஒடியல் கூழுக்குக் கணக்கு ஒன்றும் இல்லை. ஒடியல் மாவைத் தண்ணியில் ஊறவைத்துக் கசப்பெடுக்க வேணும், செத்தல் மிளகாயும் பழப்புளியும் வேணும், அவ்வளவுதான் சட்டம். மிச்சம் அன்றைக்குக் கடல் தருவது. நண்டோ, கணவாயோ, மீன்தலையோ. பயத்தங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி என்று வளவில் கிடைப்பதும் உள்ளே போகும். ஒரு பெரிய பானை, சுத்திவர ஒரு வீட்டுச் சனமும் பக்கத்து வீடும், பனையோலைப் பிளாவில் ஊத்தி ஊதி ஊதிக் குடிக்கிறது. என்ன வரும் என்று தெரியாத சாப்பாடு எங்களுக்கும் இருந்ததுதான். ஆனால் அதில் சமைக்கிறவருக்கும் தெரியாது.

சித்தப்பா ஒரே மிடறில் குடித்தார். "நல்லாத்தான் செய்திருக்கிறாங்கள். புளி சரி" என்றார். கொஞ்சம் பொறுத்து, "முடிஞ்சுபோச்சு" என்றார்.

ஏழு, எட்டு, ஒன்பது நல்லாயிருந்தன. ஒன்பதாவது பனங்கட்டியில் செய்த ஏதோ குளிர்ச் சாமான், இன்னொன்று தந்தாலும் சாப்பிட்டிருப்பேன். முடிந்ததும் சித்தப்பா தன் கோப்பையின் மேல் என் கோப்பையை வைத்து, கரண்டி இரண்டையும் ஒரே பக்கம் திருப்பி, துவாயை மடித்து ஓரத்தில் வைத்தார். தம்பி ஓடிவந்து, "விடுங்கோ ஐயா, நாங்க எடுக்கிறம்" என்றார்.

"உள்ள கழுவிறது எத்தினை பேர் தம்பி?"

"ரெண்டு பேர் ஐயா. ஒராள் ஹற்றன், மற்றவர் மட்டக்களப்பு."

பில் காசைக் கட்டின பிறகு, சித்தப்பா பொக்கற்றில் இருந்த இலங்கைக் காசு முழுவதையும் எடுத்து இரண்டாகப் பிரித்து, அந்த இரண்டு பேரிடமும் குடுக்கச் சொல்லித் தம்பியின் கையில் வைத்தார். கட்டுநாயக்காவுக்கு வான்காசு நான்தான் குடுத்தேன்.